பதிவேட்டில் ஏழு சொற்கள்

ஸ்கெல்பி குருமனை,
1611 நவம்பர் 4

அன்புத் தம்பி அம்ப்ரோஸுக்கு அக்கா உர்சுலா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? கிராம்பைக் கடித்துக்கொள். பல் பிடுங்குகிறவனிடம் மட்டும் வாயைத் திறக்காதே. போன மாதம் அவனிடம் போன மாவுமில்காரர் நல்ல பல்லைக் கொடுத்துவிட்டுக் கெட்ட பல்லோடு வீடு திரும்பினார்.

உன் அத்தானுக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோவில் பதிவேடு ஒன்று இருந்தால் அவருக்குச் சோறுகூட வேண்டாம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இந்த மூன்றையும் எழுதினால் போதும் என்பது சட்டம். என் வீட்டுக்காரர் ஜெர்வஸ் ஹோல்ட்பி குருவானவருக்கு அது போதாது. புறா முட்டை அளவு ஆலங்கட்டி விழுந்தால் அதையும் எழுதுவார். கோவில் காரியஸ்தர் டாடின் பன்றி கல்லறைத் தோட்டத்தைக் கிளறினால் அதையும் எழுதுவார். மூன்று பூட்டுப் பெட்டிக்குள் இருக்கவேண்டிய ஏடு, மை காயட்டும் என்ற சாக்கில் பாதி வாரம் எங்கள் மேசைமேல்தான் கிடக்கிறது. எழுதுவது லத்தீன். ஆனாலும் சாப்பிடும்போது அன்றன்று எழுதியதை எனக்கு நம் பாஷையில் சொல்லிக்காட்டுவார். ஒன்பது வருஷப் பழக்கம் இது. அதற்காகவே நான் ரொட்டியை மெதுவாகத் தின்பேன்.

இப்போது ஒரு வரியை மட்டும் எனக்குச் சொல்லவில்லை, அம்ப்ரோஸ்.

எங்கள் வீட்டில் வேலைசெய்த தாமசின் டவுசிங் ஞாபகமிருக்கிறதா? போன கிறிஸ்துமசுக்கு நீ வந்து தங்கிய பன்னிரண்டு நாளும் உனக்குப் பார்லி மது சூடுபண்ணிக் கொடுத்தாளே, அந்தச் செம்பட்டை முடிக்காரி. ஈஸ்டர் கழிந்து வேலையை விட்டு நின்றுகொண்டாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை. செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாள் வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. பெண் குழந்தை. தகப்பன் பெயர் இல்லை. மருத்துவச்சி கேட்டும் சொல்லவில்லையாம்.

உன் அத்தான் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். நான் மேசைப் பக்கம் வந்ததும் கையால் மூடினார். ஒன்பது வருஷத்தில் அவர் கை அந்த ஏட்டை என்னிடமிருந்து மறைத்தது இதுவே முதல் தடவை. அவர் வெளியே போனதும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன்: பாத்தெர் மிகி நோதுஸ், ப்ரோப்தெர் உக்ஸோரெம் மேயம் தாசெயோ.

நீ லத்தீன் படிக்கப் போன நாளில் நான் வீட்டில் பன்றிக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தேன். அதனால் உன்னைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. இது என்ன, சீக்கிரம் எழுது.

உன் ஆசை அக்கா,
உர்சுலா


நவம்பர் 20

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்குத் தம்பி அம்ப்ரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருவர் சுகமும் கேட்டு மகிழ்ந்தேன். பல்வலி கிராம்புக்குக் கட்டுப்பட்டது. இப்போது சளி. வகுப்பறையில் கண்ணாடி உடைந்த ஜன்னல் மூன்று. பிள்ளைகள் வினைச்சொல்லை ஒப்பிக்கும்போது வாயிலிருந்து புகை வருகிறது. தலைமை ஆசிரியர் கிழவர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்கிறார்கள். அவர் இடம் எனக்கு வரலாம் என்றும் பேச்சு. பசு கன்று போட்டதா? அத்தானுக்கு இருமல் உண்டா? நீ பின்னி அனுப்பிய காலுறையைப் பார்த்து இங்கே எல்லாருக்கும் பொறாமை.

வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். நீ கேட்ட வரியைச் சாவகாசமாகப் பார்க்கிறேன்.

அன்புத் தம்பி,
அம்ப்ரோஸ்


ஸ்கெல்பி,
டிசம்பர் 2

தம்பி அம்ப்ரோஸுக்கு. நாங்கள் சுகம், பசு சுகம், கன்றும் சுகம். ஏழு சொல்லைப் படிக்க உனக்கு எத்தனை சாவகாசம் வேண்டும்?

நேற்று மருத்துவச்சி புரூடென்ஸ் கேட்லின் வெண்ணெய் வாங்க வந்தாள். வாயைக் கிளறினேன். "வலி உச்சிக்கு வந்தப்போ நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேம்மா. தகப்பன் பேரைச் சொல்லு, அப்பத்தான் தொடுவேன்னேன். எல்லாரும் அந்த நேரத்துல கொட்டிருவாளுக. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு, செத்தாலும் சாவேன்னுட்டா. பயந்துபோய் நான்தான் கையை நீட்டினேன்" என்றாள். பிறகு என்னை ஒருமாதிரி பார்த்து, "உங்க வீட்டுக்காரர் அடிக்கடி அந்தப் பக்கம் போறாரே, அவர்கிட்ட சொல்லியிருப்பாளோ என்னவோ" என்று இழுத்தாள்.

ஆமாம், போகிறார். வியாழக்கிழமைதோறும் ஆட்டுப்பட்டிக்கு அந்தண்டை இருக்கும் அவள் குடிசைக்குப் போகிறார். நான் சுட்ட ரொட்டியைக் கொண்டுபோகிறார். போன வியாழக்கிழமை நானும் வேலி ஓரமாகவே பின்னால் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்லி அழுதாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் ஒரு மணி நேரம் புலம்பினால் பேனாவைச் சீவிக்கொண்டே "ம்" கொட்டுகிற மனுஷன் அவர்.

இன்னும் கேள். குழந்தைக்கு மில்டிரெட் என்று பெயர். நம் அம்மா பெயர்! இந்த ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. அவர் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிறந்தால் வைப்பதற்காக நான் எடுத்து வைத்திருந்த பெயர் அது.

கிறிஸ்துமசுக்கு வா. வரும்போது அந்த வரியின் அர்த்தத்தோடு வா. நீ வருகிறாய் என்று நினைத்தால்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது.

உர்சுலா


ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு. புது வருஷத்தில் உன் தேகசுகத்துக்காக ஜெபிக்கிறேன். பண்டிகைக்கு வர முடியவில்லை. பாதையெல்லாம் பனி. தலைமை ஆசிரியர் காலமாகிவிட்டார், அவர் வகுப்பும் என் தலையில்தான்.

நீ கேட்ட வரியின் பொருள் இது: "தகப்பனை நான் அறிவேன். வெளியே சொல்லமாட்டேன்."

அக்கா, ஆண்பிள்ளைகள் பலவீனமானவர்கள். அத்தான் நல்லவர். எதுவாக இருந்தாலும் பொறுத்துக்கொள். நோண்டாதே.

அம்ப்ரோஸ்


ஸ்கெல்பி,
ஜனவரி 18

தம்பிக்கு. என் சுகத்தை விசாரித்ததற்கு நன்றி. சுகம் இல்லை.

நோண்டாதே என்று எழுதுகிறாயே, நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு நோண்ட என்ன பாக்கி? "நான் அறிவேன், சொல்லமாட்டேன்" என்று எவன் எழுதுவான்? தன் பெயரை எழுதத் தைரியமில்லாதவன் எழுதுவான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அங்கே ஏழு சொல் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். நீ சொன்ன இரண்டு துண்டும் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்குமே சரியாகப்போய்விடும்போல இருக்கிறது. நடுவில் இருப்பது என்ன?

அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "அந்தப் பிள்ளை உங்களுதா?" என்றேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லை" என்றார். "அப்போ யாருது?" என்றேன். பேனாவை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். "நீங்க மூடி மறைச்ச வரிக்கு என் தம்பி அர்த்தம் சொல்லிட்டான்" என்றேன். அப்போதுதான் முகம் மாறியது.

"அம்ப்ரோஸா சொன்னான்? முழுசாச் சொன்னானா?"

"முழுசாத்தான் சொன்னான். அவன் உங்களை மாதிரி மூடி மறைக்கிறவன் இல்லை."

தொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார். மாட்டுக்கு வைக்கோல் போட்ட மனுஷன் சாப்பாட்டு வேளைக்குத்தான் உள்ளே வந்தார். அன்றிலிருந்து ஏட்டில் எழுதுவதை எனக்குச் சொல்லிக்காட்டுவதும் நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. அந்தச் செம்பட்டைக்காரிக்குச் சொல்லிக்காட்டட்டும்.

உர்சுலா


ஜனவரி 26

அக்கா, சுகமாக இரு. லத்தீன் அப்படித்தான், ஒன்றைச் சொல்ல நாலு சொல் தின்னும். நடுவில் இருப்பவை வெறும் அலங்காரம். அதில் ஒன்றுமில்லை.

ஒரு வேண்டுகோள். தலைமை ஆசிரியர் பதவிக்குப் பேராயரின் அனுமதி வேண்டும். அதற்குக் குருவானவர் ஒருவரின் நடத்தைச் சான்று வேண்டும். அத்தானுக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் சண்டையில் அதை மறந்துவிடாமல் பார்த்துக்கொள். தாமசின் யாரிடமாவது ஏதாவது பேசுகிறாளா?

அம்ப்ரோஸ்


ஸ்கெல்பி,
பிப்ரவரி 15

மைத்துனன் அம்ப்ரோஸ் ஃபென்னுக்கு ஜெர்வஸ் ஹோல்ட்பியின் ஆசீர்வாதம். சரீர சுகத்துக்குக் குறைவில்லை.

சான்று கேட்டிருக்கிறாய். நான் அறிந்ததை எழுதினால் உனக்கு உதவாது. அறியாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே எழுதவில்லை.

பேராயர் கேட்கும் நாளில் ஏடு பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அந்த வரியை எழுதினேன். உன் அக்கா அதை உன்னிடமே அனுப்புவாள் என்று நினைக்கவில்லை. அவள் என்னோடு பேசி நாலு வாரமாகிறது. உன் பெயரை நான் சொன்னால், என் தோலைக் காப்பாற்ற உன்மேல் பழிபோடுவதாக எண்ணுவாள். அவள் நம்பக்கூடிய வாய் உன்னுடையது ஒன்றுதான். ஏழு சொல்லையும் அவளுக்கு அனுப்பு. உன் மகளுக்குப் பல் முளைக்கிறது.

ஜெர்வஸ் ஹோல்ட்பி


ஸ்கெல்பி,
மார்ச் 9

தம்பிக்கு. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வண்டிக்காரர் வரும் சனிக்கிழமைதோறும் வாசலுக்கு ஓடி ஓடி என் கால்தான் தேய்கிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது விட்டு எழுதச் சொல்.

நான் காரியஸ்தர் ஹம்ப்ரி டாடிடம் போய்விட்டேன். தகப்பனில்லாத பிள்ளை ஊர்த் தலையில் விழுமே என்று அவர் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தார். "குருவானவருக்குத் தகப்பன் யாருன்னு தெரியும். ஏட்டிலேயே எழுதி வச்சிருக்கார்" என்று சொன்னேன். ஈஸ்டர் முடிந்து திருச்சபை விசாரணை மன்றம் இங்கே கூடும்போது வழக்காகக் கொடுக்கிறார்கள். நிரூபணமானால் உன் அத்தான் பதவி போகும். குருமனையும் போகும். நான் உன்னிடம்தான் வரவேண்டும், எனக்கு வேறு யார்? எல்லாம் போகட்டும். அவர் வியாழக்கிழமை சிரிக்கிறார், அம்ப்ரோஸ். அங்கிருந்து திரும்பும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நான் வரவழைக்காத சிரிப்பு.

நான் செய்தது சரிதானே? வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் டாடிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். இன்னும் நாள் இருக்கிறது.

உர்சுலா


மார்ச் 27

அக்காவுக்கு. காய்ச்சல். அதிகம் எழுத முடியவில்லை. உன் மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய்.

அம்ப்ரோஸ்


ஸ்கெல்பி குருமனை,
1612 மே 2

அம்ப்ரோஸ் ஃபென்னுக்கு உர்சுலா ஹோல்ட்பி எழுதுவது. உன் காய்ச்சல் விட்டதா என்று கேட்கமாட்டேன். இங்கே நடந்தது இது.

செவ்வாய்க்கிழமை மன்றம் எங்கள் கோவிலிலேயே கூடியது. ஊரே வந்தது. வராதவர்கள் படுக்கையில் கிடக்கிறவர்கள் மட்டும்தான். நீதிபதி நடுவில். உன் அத்தான் தான் பிரசங்கம் செய்கிற இடத்துக்குக் கீழே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றவாளியாக நின்றார். தாமசின் கடைசி வரிசையில் குழந்தையோடு இருந்தாள்.

டாட் வழக்கைச் சொன்னார். நீதிபதி என்னைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். "ஏட்டுல இருக்குங்க. வாசிச்சா எல்லாருக்கும் தெரியும்" என்றேன். எத்தனை தெம்பாகச் சொன்னேன் தெரியுமா? எழுத்தர் ஏட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, நம் பாஷையில் சத்தமாகப் படித்தார்.

"தகப்பனை நான் அறிவேன். என் மனைவியின் பொருட்டு மௌனமாயிருக்கிறேன்."

"இன்னொரு தரம் படிங்க" என்றேன். படித்தார். அதேதான்.

அலங்காரம் என்று எழுதினாயே அம்ப்ரோஸ், அந்த அலங்காரம் நான்தான்.

நீதிபதி பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "உங்களுக்காக அவர் எதுக்கும்மா வாயை மூடணும்? உங்க வீட்டு ஆம்பிளை யாராவது போன கிறிஸ்துமசுக்கு முந்தின கிறிஸ்துமசுக்கு இங்க வந்து தங்கியிருந்தாங்களா?"

புரூடென்ஸ் கேட்லின் விரலை மடக்கி மாதம் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. உன் அத்தான் ஒரு அடி முன்னால் வந்தார். "அவளைக் கேக்காதீங்க ஐயா. மௌனமா இருந்தவன் நான். தண்டனையை எனக்கே கொடுங்க" என்றார்.

நான் வாயை மூடியிருந்தால் கொடுத்திருப்பார்கள். உன் பதவி உனக்கு வந்திருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "ஒரு தம்பி இருக்கான்" என்றேன். "பேரு அம்ப்ரோஸ் ஃபென்." எழுத்தர் எழுதிக்கொண்டார். பின்னால் தாமசின் வாய்விட்டு அழுதாள். உனக்கு மன்றத்தின் அழைப்பு திங்கட்கிழமை வரும். வாங்க மறுக்காதே, கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கல்லா?" என்று அவரிடம் கத்தினேன். அவர் நின்றார்.

"உன் தம்பி கடுதாசி வர்ற சனிக்கிழமை மட்டும்தான் இந்த வீட்ல நீ பாட்டு முணுமுணுக்கிறே, உர்சுலா. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ஒன்பது வருஷமா. எனக்காக ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. வயித்தெரிச்சலாத்தான் இருக்கும். ஆனா அதைப் பிடுங்கிட்டா எனக்குக் கேக்குறதுக்கு அந்தப் பாட்டும் இருக்காதே."

இத்தனை வார்த்தை அவர் ஒரேயடியாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை. அவ்வளவுதான் நடந்தது. எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். என் புருஷன் நிரபராதி என்று தெரிந்த பிறகும் எனக்குப் பொறாமை தீரவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவரும் அவளும் எனக்காக ஒரு ரகசியத்தைக் காத்தார்கள். அந்தக் குடிசையில் உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். நான் வேலி ஓரத்தில் நின்றிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று இருக்கிறது. மருத்துவச்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுகூடத் தாமசின் உன் பெயரைச் சொல்லவில்லை. சாகிற வலியிலும் சொல்லவில்லை. நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு நீதிபதி ஒரே ஒரு தடவை கேட்டதும் சொல்லிவிட்டேன். உன்னை இந்த உலகத்தில் அதிகமாக நேசிப்பவள் நான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இனி எனக்கு எழுதாதே. எழுதுவதானால் அவளுக்கு எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக்காட்ட நான்தான் அந்தக் குடிசைக்குப் போகவேண்டும். போவேன்.

உர்சுலா